வலையில் இறந்தது என்று எழுதினேன்

அரியலூரை ஒட்டிய ஒரு சிமெண்டு ஆலையின் சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. சுண்ணாம்புக்கல்லைப் பொடித்து எடை போடுவது, அமிலத்தில் கரைப்பது, கிடைத்த அளவைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவது. இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன். புள்ளிக்குப் பின்னால் இரண்டாவது எண்ணில் சந்தேகம் வந்தாலும் சோதனையைத் திரும்பச் செய்கிற ஆள் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. பொய்யான அறிக்கை ஒன்றில் நான் கையெழுத்துப் போட்டது வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். அது ஆலையில் நடக்கவில்லை.

பறவை பார்க்கும் பழக்கம் நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது. சர்க்கரை ஏறிவிட்டது, தினமும் நடங்கள் என்றார் டாக்டர். லாரிப் புழுதிக்குள் நடக்கப் பிடிக்காமல், ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியை எடுத்துக்கொண்டு கீழப்பழுவூர், திருமானூர் வழியாகத் திருமழபாடிக்குப் போய்க் கொள்ளிடக் கரையில் நடக்க ஆரம்பித்தேன். நடக்கும்போது கண்ணில் பட்டதை என்னவென்று தெரிந்துகொள்ள ஒரு புத்தகம் வாங்கினேன். பிறகு பைனாகுலர். பிறகு கேமரா. பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லித்தரும் பேராசிரியர் ஒருவர், இரண்டு மாவட்டத்துப் பறவை ஆர்வலர்களுக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு நடத்தி வந்தார். அதிலும் சேர்ந்துகொண்டேன்.

குழுவில் எல்லோருக்கும் கழுகு பிடிக்கும், நாரை பிடிக்கும். கதிர்க்குருவியை யாரும் சீண்ட மாட்டார்கள். எல்லாம் ஒரே மண் நிறம், ஒரே அளவு. புதருக்குள்ளேயே இருந்துகொண்டு ‘டக், டக்’ என்று நாக்கைத் தட்டுகிற மாதிரி ஒலி எழுப்பும். முகத்தைக் காட்டாது. வடக்கே எங்கோ பனி விழும் நாட்டிலிருந்து ஐப்பசி, கார்த்திகையில் வந்து, பங்குனியில் ஒரு நாள் சொல்லாமல் போய்விடும். ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரித்துச் சொல்ல அலகின் நீளம், சிறகின் நீளம், பின்விரல் நகம் என்று மில்லிமீட்டர் கணக்கில் பார்க்க வேண்டும். எனக்கு அதுதான் பிடித்தது. இது அளக்கத் தெரிந்தவனுக்கான பறவை என்று நினைத்தேன்.

இரண்டாவது குளிர்காலத்தில் அந்த ஒன்றைப் பார்த்தேன். திருமழபாடிக்குக் கொஞ்சம் தள்ளி, ஆற்றுப் படுகையில் நாணலும் காட்டாமணக்கும் கலந்து அடர்ந்திருக்கும் ஓர் இடம். அங்கே வழக்கமாக வருவது சாதாரண நாணல் கதிர்க்குருவி. ஆனால் இதன் அலகு நீளமாகத் தெரிந்தது. கீழலகின் நுனியில் இருக்கவேண்டிய கறுப்பு இல்லை. வாலை அடிக்கடி விசிறி மாதிரி விரித்து மூடியது. அந்தச் சாதாரண இனத்துக்கு அபூர்வமான ஓர் உறவுப் பறவை உண்டு. உலகத்திலேயே கொஞ்ச இடங்களில்தான் அதைப் பார்த்திருக்கிறார்கள். அதுவாக இருக்குமோ என்ற எண்ணம் வந்ததும் கேமராவைத் தூக்கினேன். எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் ஒரு நாணல் தாள் குறுக்கே நின்றது.

படங்களைப் பேராசிரியருக்கு அனுப்பினேன். போனில் அழைத்தார்.

“சார், எனக்கும் அப்படித்தான் தோணுது. ஆனா படத்த வெச்சு யாரும் ஒத்துக்க மாட்டாங்க. கையில எடுத்து அளக்கணும். அதுக்கு அனுமதி வாங்கி, பழகுன ஆளை வெச்சுப் பிடிக்கணும். நீங்களா எதுவும் பண்ணிடாதீங்க.”

“சேச்சே, இல்லைங்க சார்” என்றேன்.

அந்த நாணலை ஒட்டி ஒரு பெண்மணியின் கடலைக்காடு இருந்தது. நாற்பது வயதுக்குள் இருக்கும். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தார். காட்டு வேலை முழுக்க இவர்தான். அவருடைய மோட்டார் கொட்டகை நிழலில்தான் என் வண்டியை நிறுத்துவேன். குடிக்கத் தண்ணீர் கொடுப்பார். கேமராவில் படம் காட்டச் சொல்வார்.

“இதுக்கா சார் அரியலூர்லேருந்து வரீங்க? எங்க காட்டுல இது நாளெல்லாம் கத்திக்கிட்டுக் கெடக்குது.”

“இது வேற ஜாதிம்மா. ரொம்ப அபூர்வம்.”

“எனக்கு எல்லாம் ஒரே குருவிதான்” என்று சிரித்தார்.

எதற்கும் இருக்கட்டும் என்று என் போன் நம்பரை அவரிடம் கொடுத்திருந்தேன். நாணல் பக்கம் யாராவது தீ வைத்தாலோ ஜேசிபி வந்தாலோ சொல்லுங்கள் என்றேன். அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் மயில் தொல்லை. கூட்டமாக இறங்கினால் ஒரு காலையில் ஒரு பாத்தியைக் கிளறிவிட்டுப் போய்விடும். அதற்காக இவரும் பழைய மீன்வலையை வாங்கிக் காட்டைச் சுற்றிக் கட்டியிருந்தார். வலை கட்டியதற்காக நான் அவரைக் குறை சொல்லவில்லை. காலையிலும் சாயங்காலமும் வலையை ஒரு சுற்றுப் பார்த்துவிடுவார். இடுப்பில் ஒரு சின்னக் கத்தரிக்கோல் செருகியிருக்கும். ஒரு முறை மைனா மாட்டியது, ஒரு முறை ஓணான் மாட்டியது, இரண்டையும் அறுத்து விட்டேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

தை மாதம் ஒரு நாள், எனக்கு மதிய ஷிப்ட். காலை பத்தரை மணிக்கு வீட்டில் இருந்தபோது போன் வந்தது.

“சார், வலையில ஒரு குருவி மாட்டிக்கிட்டு இருக்கு. நீங்க தேடுற குருவி மாதிரிதான் தெரியுது. அறுத்து வுட்டுடட்டுமா, இல்ல நீங்க ஒரு தரம் பாக்கணுமா?”

இந்தக் கேள்வியை நான் எத்தனையோ முறை மனதில் திரும்பக் கேட்டிருக்கிறேன். அவர் கையில் கத்தரிக்கோல் இருந்தது. சரி என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

“வேணாம், வேணாம். தொடாதீங்க. அப்படியே இருக்கட்டும், நான் வந்துடறேன்.”

“வெயில் ஏறுதே சார்.”

“அரை மணி நேரத்துல வந்துடறேன்ம்மா. தொட்டுடாதீங்க.”

அரை மணி நேரத்தில் வர முடியாது என்று எனக்குத் தெரியும். சட்டையை மாட்டினேன். கேமராவை எடுத்தேன். ஆலையில் கழித்துப் போட்ட வெர்னியர் அளவுகோல் ஒன்று என் மேசையில் இருந்தது. அதைத் தேடி எடுத்துப் பையில் போட்டேன். அதைத் தேடவே ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். கீழப்பழுவூரில் லாரிகள் வரிசையாக நின்றன. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் போன் செய்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

அவர் வேலி ஓரமாக உட்கார்ந்திருந்தார். தலையில் கட்டும் துண்டைத் தண்ணீரில் நனைத்து, இரண்டு குச்சி நட்டு, வலைக்கு மேல் நிழலாகப் போட்டிருந்தார்.

“தொடல சார். நீங்க சொன்னீங்கன்னு அப்படியே வுட்டுட்டேன். மொதல்ல ரொம்பத் துடிச்சுது. இப்ப கொஞ்ச நேரமா அடங்கிக் கெடக்கு.”

கத்தரிக்கோலை வாங்கி நானே அறுத்தேன். குருவி என் கைக்குள் வந்தது. கழுத்தை இரண்டு விரலுக்கு நடுவில் விட்டு, முதுகு உள்ளங்கையில் படியப் பிடிக்க வேண்டும் என்று வீடியோ பார்த்துத் தெரிந்து வைத்திருந்தேன். எடையே தெரியவில்லை. சூடு மட்டும் தெரிந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது விரலில் தெரிந்தது. அப்போதே கையை விரித்திருந்தால் பறந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. பறந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அளவுகோலை எடுத்தேன். அலகை அளந்தேன். நீளம்தான். எனக்குள் ஒரு துள்ளல். எந்த அளவையும் மூன்று முறை எடுத்துச் சராசரி பார்ப்பது என் தொழில் வழக்கம். மூன்று முறை அளந்தேன். பிறகு சிறகு. பிறகு பின்விரல் நகம். ஒவ்வொன்றும் மூன்று முறை. எண்களைச் சொல்லச் சொல்ல அந்தப் பெண்மணியைக் பழைய கடலை மூட்டை ரசீதின் பின்பக்கத்தில் எழுதச் சொன்னேன். எழுதினார். எழுதிக்கொண்டே சொன்னார்:

“சார், வாயப் பொளக்குது.”

“ஒரு நிமிஷம்ம்மா.”

சிறகை விரித்துப் படம் எடுக்க வேண்டும். இறகுகளில் எது நீளம், எது குட்டை என்பதுதான் முக்கியமான ஆதாரம். ஒரு கையில் குருவி, ஒரு கையில் கேமரா. படம் கலங்கியது. அவரிடம் கேமராவைக் கொடுத்து அமுக்கச் சொன்னேன். அதுவும் கலங்கியது.

“போதும் சார், வுட்டுடுங்க. அதுக்கு முடியல.”

“இதோ, கடைசி. இந்தப் பக்கச் சிறகு ஒண்ணுதான்.”

“சார்.”

“இதோம்மா.”

நான் சிறகை விரித்துக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குருவியின் கால்விரல்கள் என் சுட்டுவிரலைச் சுற்றிப் பிடித்திருந்தன. அந்தப் பிடி தளர்ந்தது. முதலில் அது அமைதியாகிவிட்டது என்று நினைத்தேன். குனிந்து பார்த்தபோது தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கண்ணின் மேல் வெள்ளையாக ஒரு தோல் பாதி இறங்கி நின்றது.

வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். ஊதினேன். வெயிலுக்கு மறைவாக வைத்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன். அந்தப் பெண்மணி “அட பாவமே” என்று ஒரு தரம் சொன்னார். பிறகு குச்சியில் கிடந்த துண்டை எடுத்துப் பிழிந்து உதறினார்.

“பொதைச்சுடவா சார்?”

“இல்லம்மா. ஆராய்ச்சிக்கு வேணும். ஒரு கவர் இருந்தாக் குடுங்க.”

உரம் வந்த பாலிதீன் பையைக் கழுவிக் கொடுத்தார்.

அன்று மதிய ஷிப்டுக்குச் சரியான நேரத்துக்குப் போய்விட்டேன். ஆலைக் கேண்டீனில் உட்கார்ந்து பேராசிரியருக்குச் செய்தி எழுதினேன். ‘இன்று காலை வலையில் சிக்கிய பறவையை உயிருடன்’ என்று ஆரம்பித்தேன். அங்கேயே விரல் நின்றது. உயிருடன் என்றால் ஏன் விடவில்லை என்று கேட்பார். அனுமதி இல்லாமல் கையில் வைத்திருந்தது தெரியும். எல்லாவற்றுக்கும் மேல், இத்தனை நாள் குழுவில் மற்றவர்களுக்குப் பறவைக்குத் தொந்தரவு கொடுக்காதீர்கள் என்று பாடம் எடுத்தவன் நான். எழுதியதை அழித்தேன். ‘படுகையில் மயிலுக்காகக் கட்டியிருந்த வலையில் சிக்கி இறந்த நிலையில் கண்டெடுத்தேன்’ என்று எழுதினேன். கீழே அளவுகள். அனுப்பியதும் நிம்மதியாகக்கூட இருந்தது. ஒரே ஒரு வார்த்தைதானே மாறியிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பேராசிரியர் துள்ளிக் குதித்தார். தனக்குத் தெரிந்த, அனுமதி பெற்ற ஓர் ஆய்வு நிறுவனத்துக்குப் பேசினார். குருவியை ஐஸ் பெட்டியில் வைத்துப் பெரம்பலூரில் அவரிடம் சேர்த்தேன். அதோடு ஒரு கடிதமும் வைக்க வேண்டும் என்றார். எங்கே, எப்போது, எந்த நிலையில் கிடைத்தது என்று. ‘இறந்த நிலையில்’ என்று மறுபடி எழுதினேன். இந்த முறை கையெழுத்தும் போட்டேன்.

குழுவில் யாரோ பத்திரிகைக்காரரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வாரத்தில் செய்தி வந்தது. அபூர்வப் பறவை, விவசாயி கட்டிய வலையில் பலி என்று தலைப்பு. வலையின் படம் போட்டிருந்தார்கள். அது நான் குழுவில் போட்ட படம். ஓரத்தில் மோட்டார் கொட்டகை தெரிந்தது. அந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது யார் காடு என்று பார்த்த உடனே தெரிந்துவிடும்.

அன்று சாயங்காலமே அவரிடமிருந்து போன் வந்தது.

“சார், பேப்பர்ல போட்டிருக்காங்க. வலையில செத்துக் கெடந்துச்சுன்னு.”

“ஆமாம்மா, பார்த்தேன்.”

“நீங்க அப்படிச் சொல்லிப் போட்டாங்களா, இல்ல அவங்களாப் போட்டுக்கிட்டாங்களா?”

“அவங்களாத்தான் போட்டுட்டாங்க. பேப்பர்க்காரங்களுக்கு என்ன தெரியும்?”

“சரிங்க சார்” என்று வைத்துவிட்டார். இரண்டாவது பொய் முதல் பொய்யைவிடச் சுலபமாக வந்தது.

அடுத்த வாரம் வனத்துறை அதிகாரிகள் இரண்டு பேர் படுகைக்குப் போனார்கள். வலையைப் பிரிக்கச் சொன்னார்கள். அவருடைய வலையை மட்டுமல்ல, வரிசையாக ஏழெட்டுக் காட்டின் வலைகளையும். இதை எனக்குச் சொன்னது திருமானூர்க்காரரான ஒரு சக ஊழியர். “படுகைல ஒரு பொம்பள வலை கட்டி, அதுல ஏதோ வெளிநாட்டுப் பறவை செத்துப்போச்சாம் சார். அந்தம்மாவாலதான் எங்களுக்கும் வம்புன்னு அக்கம்பக்கத்துக் காட்டுக்காரங்க யாரும் அதுகூடப் பேசறதில்லையாம்.” செத்த பறவையை அனுப்பியது நான்தான் என்று அவருக்குத் தெரியாது. “அப்படியா” என்றேன்.

மாசி முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் நான் படுகைப் பக்கம் போகவில்லை. பெரம்பலூர்ப் பக்கம் செட்டிகுளத்து ஏரிக்குப் போனேன். அங்கே எனக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. திருமழபாடிக்குப் போகவில்லை என்பதற்காக எங்காவது போக வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பங்குனியில் ஆய்வு முடிவு வந்தது. மரபணுவும் பார்த்திருந்தார்கள். அதே அபூர்வப் பறவைதான். என் அளவுகள் ஒன்றுகூடப் பிசகவில்லை என்று பேராசிரியர் போனில் சொன்னபோது எனக்குச் சந்தோஷம் வந்தது. அதை மறைத்துப் பயன் இல்லை. சிறு பிள்ளை மாதிரி வீட்டுக்குள் இரண்டு தரம் நடந்தேன். இவ்வளவுக்குப் பிறகும் எனக்குச் சந்தோஷம் வந்ததே என்பதை இன்றைக்கு நினைத்தாலும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பேராசிரியர் தன் கல்லூரியில் ஒரு சின்னக் கூட்டம் ஏற்பாடு செய்தார். நான் படங்களைக் காட்டிப் பேச வேண்டும். முந்தின ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் கம்ப்யூட்டரில் படங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். அவளுக்குக் காக்கையும் குயிலும் தவிர வேறு பறவை தெரியாது.

“இதுதான் அந்தக் குருவியாங்க?”

“ஆமாம்.”

“செத்துப்போனதுன்னீங்க?”

“ஆமாம்.”

“இதுல உசுரோட இருக்கே. உங்க விரலைப் புடிச்சிருக்கு பாருங்க. கண்ணும் பாக்குது.”

நான் அடுத்த படத்துக்குப் போனேன். அதிலும் பிடித்திருந்தது. அதற்கடுத்த படத்திலும். அவள் நகரவில்லை.

“ஏங்க?”

அப்போது சொன்னேன். போன் வந்ததிலிருந்து வரிசையாக எல்லாவற்றையும். திரும்பி அவள் முகத்தைப் பார்க்காமல், திரையைப் பார்த்தபடியே சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“அந்தம்மாகிட்ட போயிச் சொன்னீங்களா?”

“இல்ல.”

“அப்ப எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். காபி ஆறிப்போனது.

அன்றே கிளம்பினேன். திருமழபாடிக் கோயிலில் நந்தி கல்யாணத் திருவிழாக் கூட்டம். வண்டி நகரவில்லை. கோயிலைச் சுற்றிக்கொண்டு படுகைக்குப் போகும்போது மத்தியானம் ஆகிவிட்டது. காட்டைச் சுற்றி வலை இல்லை. பழைய சேலைகளைக் கயிற்றில் கட்டியிருந்தார். உள்ளே பாதிக் காடு கிளறிக் கிடந்தது. செடிகள் வேரோடு சாய்ந்திருந்தன. பிஞ்சுக் கடலையின் தோல் எங்கே பார்த்தாலும் சிதறிக் கிடந்தது. அவர் வரப்பில் தகரத் தட்டும் குச்சியுமாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்தார்.

“வாங்க சார். ரொம்ப நாளா ஆளையே காணோம்.”

தண்ணீர் எடுக்கப் போனார். வேண்டாம் என்றேன். நின்றபடியே சொன்னேன். பேப்பர்க்காரர்கள் தாமாக எழுதவில்லை, நான்தான் அப்படி எழுதிக் கொடுத்தேன் என்றேன். கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன். போனில் பொய் சொன்னதையும் சொன்னேன்.

அவர் முழுக்கக் கேட்டார். குச்சியால் வரப்பு மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

“சார், நான் அறுத்து வுட்டுருப்பேன். நீங்க பாக்கணும்னு ஆசப்படுவீங்களேன்னுதான் போன் பண்ணேன்.”

“தெரியும்மா.”

“ஒங்களுக்குப் போன் பண்ணேன் பாருங்க, அது என் தப்பு.”

“தப்பு என்னோடதும்மா.”

“பின்ன?” என்றார். அப்போதுதான் அவர் குரல் உயர்ந்தது. “பக்கத்துக் காட்டுக்காரங்க ஒருத்தரும் எம் மூஞ்சியில முழிக்கறதில்ல. ஒன்னாலதான்டி எங்க வலையும் போச்சுன்றாங்க. எங்க வூட்டுக்காரரு போன்லயே சத்தம் போடறாரு, அந்தக் குருவியப் பாத்தப்பவே ஏன் வெட்டி வுடலன்னு. நீங்க தொடாதன்னு சொன்னீங்கன்னா நம்பவே மாட்டேங்கறாரு. சாரு அப்படிச் சொல்லியிருப்பாரான்றாரு.”

நான் கிளறிக் கிடந்த பாத்தியைப் பார்த்தேன்.

“இப்ப எங்கிட்ட வந்து சொல்லி என்ன சார் ஆவுது? எனக்குத் தெரியாததா? நான் பக்கத்துலதான நின்னேன். தெரியாதவங்ககிட்ட போயிச் சொல்லுங்க.”

காட்டின் அந்தக் கோடியில் இரண்டு மயில் இறங்கின. அவர் தட்டைத் தட்டிக்கொண்டே ஓடினார். நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். அவர் திரும்பி வரவில்லை. அந்தக் கோடியிலேயே உட்கார்ந்துவிட்டார். முதலில் பக்கத்துக் காட்டுக்காரர்கள் இரண்டு பேரைத் தேடிப் போய் நடந்ததைச் சொன்னேன். ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இன்னொருவர், “படிச்சவங்க நீங்களே இப்படிப் பண்ணா?” என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். அவர்களில் ஒருவரிடம் நம்பர் வாங்கி, திருப்பூரில் இருந்த அந்தப் பெண்மணியின் கணவருக்கும் போன் செய்தேன். “சரி வைங்க” என்றார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு வனத்துறை அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் நான் சொன்னதை எழுதிக்கொண்டு, அதை என்னிடம் கொடுத்துப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். அனுமதி இல்லாமல் பறவையைக் கையாண்டதற்கு மேலிடத்துக்கு எழுதுவோம் என்றார். எழுதினார்கள். பிறகு இரண்டு முறை விசாரணைக்குப் போய் வந்தேன். எச்சரித்து விட்டார்கள்.

“அப்ப அந்தம்மா வலையைத் திரும்பக் கட்டிக்கலாமா சார்?” என்று கேட்டேன்.

“அது எப்படிங்க? வலை இருந்தா இன்னொண்ணு மாட்டத்தான் செய்யும்.”

அவர் சொன்னது நியாயம்தான். நான் உண்மையைச் சொன்னதால் அந்தக் காட்டில் எதுவும் மாறவில்லை.

கூட்டத்துக்கு முதல்நாள் பேராசிரியரைப் போய்ப் பார்த்துச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“என்னை நம்ப வெச்சுட்டீங்களே சார். நான் என் பேரைப் போட்டுல்ல கடிதம் அனுப்பினேன்.”

“மன்னிச்சுடுங்க சார்.”

“நாளைக்குக் கூட்டத்தை நிறுத்திடவா?”

“வேணாம் சார். நானே சொல்லிடறேன்.”

நாற்பது பேர் இருந்திருப்பார்கள். பாதிப் பேர் மாணவர்கள். அலகு எப்படி, சிறகு எப்படி, சாதாரண இனத்திலிருந்து இது எப்படி வேறுபடுகிறது என்று விளக்கினேன். பிறகு விரலைப் பிடித்திருக்கும் படத்தைப் போட்டு, இது உயிரோடு இருந்தபோது எடுத்தது, இதற்குச் சில நிமிடத்துக்குப் பிறகு என் கையில் இறந்தது, வலையைக் கட்டியிருந்தவர் விட்டுவிடச் சொல்லியும் நான் விடவில்லை என்று சொன்னேன். யாரும் கத்தவில்லை, எழுந்து போகவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி குறிப்பெடுப்பதை நிறுத்திப் பேனாவை மூடி வைத்தாள். அது மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முடிந்ததும் டீ கொடுத்தார்கள். என் பக்கத்தில் யாரும் வரவில்லை.

ஆய்வு நிறுவனத்துக்குத் திருத்தக் கடிதம் அனுப்பினோம். பதிவில் கண்டெடுத்தவர் என்ற இடத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொல்லிப் பேராசிரியரிடம் கேட்டேன். அந்தப் பெருமை எனக்கு வேண்டாம் என்றேன்.

“பெருமைக்காக இல்லைங்க. பேரை எடுத்துட்டா யார் கையில செத்துச்சுன்னு தெரியாமப் போயிடும். இருக்கட்டும்” என்றார். அவர் என்னோடு இப்போதும் பேசுகிறார். ஆனால் எந்தப் பறவையையும் பற்றி என் கருத்தைக் கேட்பதில்லை.

இரண்டு குளிர்காலம் போய்விட்டது. அந்த நாணலில் அந்த இனத்தை யாரும் மறுபடி பார்க்கவில்லை. குழுவில் சிலர் போய்த் தேடிவிட்டு வந்தார்கள். நான் போகவில்லை. அந்தப் பெண்மணி கடலையை விட்டுவிட்டு வாழை போட்டிருக்கிறார் என்று சக ஊழியர் சொன்னார்.

போன மாதம் திருமானூரில் ஓர் உரக்கடை வாசலில் அவரைப் பார்த்தேன். நான் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டு பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். அவர்தான் முதலில் பார்த்தார்.

“நல்லாருக்கீங்களா சார்? வூட்ல எல்லாரும் சௌக்கியமா?”

“நல்லா இருக்கோம்மா. நீங்க?”

“இருக்கோம் சார்.”

இன்னும் நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்று இருந்தது எனக்கு. கடைக்காரர் கொடுத்த உர மூட்டையை அவர் மொபெட்டில் ஏற்றப் போனபோது, நானும் ஒரு பக்கம் பிடிக்கப் போனேன்.

“இருக்கட்டும் சார், நானே வெச்சுக்குவேன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. யாரோ வழிப்போக்கரிடம் சொல்வது மாதிரி, மரியாதையாகச் சொன்னார். மூட்டையைக் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, வண்டியைக் கிளப்பி, திருமழபாடி ரோட்டில் திரும்பிப் போனார். எனக்கு பஸ் வர இன்னும் நேரம் இருந்தது.